எது கரையும்?

ஜூன் 9, திங்கள்

இஸ்திரி போடும் பழனி என் சட்டைகளைச் சுருக்கிவிட்டான். காலர் பட்டன் போட முடியவில்லை. கேட்டால், “தேச்சா துணி சுருங்குமுங்களா சார்?” என்று எதிர்க்கேள்வி கேட்கிறான். முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். எதிர்க்கேள்வி கேட்கிறவனிடம் டிக்கெட் இருக்காது என்பது என் அனுபவம். பட்டனைப் போடாமலேயே கிளம்பினேன்.

இன்று பார்சலைத் தொண்டாமுத்தூர் ரோட்டில் இருக்கும் விலங்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பார்சல் எங்கள் நாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் போத்தனூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் வாசலில் கோணிச் சாக்கின்மேல் படுத்துக் கிடந்தது. யாரும் உரிமை கோரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன வருஷம் அதன் தோள்பட்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் முளைத்திருக்கிறது. வெட்டிய டாக்டர் கையை விரித்துவிட்டு, “அங்க போங்க, புதுசா ஒரு ஊசி சோதனை பண்றாங்க” என்று இங்கே தள்ளிவிட்டார். தள்ளிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. போனோம்.

டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. புற்றைப் பற்றிப் பேசும்போது எதற்குச் சிரித்த முகம்?

“கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன உருண்டைங்க சார். நானோ துகள்னு சொல்லுவோம். ஆபரேஷன் பண்ணினா தானா கரையற நூல்ல தையல் போடறமில்லீங்களா, அதே மாதிரிப் பொருள்ல செஞ்சது. அதுக்குள்ள மருந்து இருக்கு. நேரா கட்டிக்குள்ளயே போட்டுருவோம். உடம்புல காவல் காக்கற செல்லுங்க இருக்குது. இந்தக் கட்டி அதுங்களை ஏமாத்தித் தூங்க வெச்சிருக்கு. நம்ம மருந்து போய்த் தட்டி எழுப்பும். எந்திரிச்சதும் அதுங்களே கட்டியோட சண்டை போடும்.”

காவல்காரன் தூங்குவான் என்பதை நான் உடனே நம்பினேன். ரயில்வேயில் பார்க்காததா? தட்டினால் எழுந்திருப்பான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

எல்லாம் இலவசம் என்றார். “குணமாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன் சார். முயற்சிதான்” என்றும் சொன்னார். இலவசம் என்றதும் நான் எழுந்து சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களின் முத்திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அசல் மாதிரிதான் இருந்தது. பின்னால் என் மனைவி அம்சவேணி டாக்டரிடம் ஏதோ கேட்டாள். டாக்டர் சொன்ன பதில் மட்டும் என் காதில் விழுந்தது.

“பயப்படாதீங்கம்மா. ஒன்றரை மாசத்துல தானா கரைஞ்சிடும். உடம்புல ஒண்ணும் மிஞ்சாது.”

ஆட்டோவில் வரும்போதெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒன்றரை மாதத்தில் தானாகக் கரைந்துவிடுமாம். வெட்டு கிடையாது, தையல் கிடையாது. பொய்யாக இருந்தாலும் நல்ல பொய். கரைகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

ஜூன் 10, செவ்வாய்

தாடி விடலாம் என்று இருக்கிறேன். பிளேடெல்லாம் இப்போது மட்டமாக வருகிறது.

ஜூன் 12, வியாழன்

முதல் ஊசி. கூடவே நின்றேன். மருந்தை எங்கிருந்து எடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்னக் குப்பி வந்தது. கலக்கியதும் தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிய பாலாகவே இருந்தால் யாருக்குத் தெரியும்?

“மோந்து பாக்கலாமுங்களா?” என்றேன்.

அம்சவேணி என் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே குப்பியை நீட்டினார். ஒரு வாசனையும் இல்லை.

“சோதனைன்னா பாதிப் பேருக்கு வெறும் தண்ணிதான் போடுவாங்களாமே?”

“வேற எடத்துல அப்படிப் பண்ணுவாங்க சார். இங்க எல்லா நாய்க்கும் மருந்துதான்.”

எல்லாருக்கும் மருந்து என்று ஒரு டாக்டர் சத்தமாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் அம்சவேணியிடம் காய்ச்சல், வீக்கம் என்று என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பி, “வேற மருந்து எதுவும் குடுத்துராதீங்க சார். முக்கியமா வீக்கம் வத்தற மாத்திரை வேண்டவே வேண்டாம்” என்றார். என்னிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

பார்சல் ஊசிக்கு அசையவில்லை. என் கையையே நக்கிக்கொண்டு நின்றது. பாவம், அதற்கு எல்லாரும் நல்லவர்கள்.

ஜூன் 14, சனி

பார்சலுக்குக் காய்ச்சல். காது அனலாகச் சுடுகிறது. சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்சவேணி பதறவே இல்லை. “வரும்னுதான் டாக்டர் சொன்னாங்கல்லோ?” என்று சொல்லிவிட்டு அவரைக்காய் உரிக்கப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. வராந்தாவில் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன்.

பார்சல் முனகிக்கொண்டே நகர்ந்து வந்து என் கழுத்தை மோந்தது. கொஞ்ச நாளாகவே இந்தப் பழக்கம். மூக்கைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைக்கிறது. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் கட்டி பெரிதாகிவிட்டது. ஊசிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது இப்போது சாத்துக்குடி. தொட்டால் சுடுகிறது. கரைகிற லட்சணம் இதுதானா?

ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே மறுகையால் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று சாத்துக்குடி. ஒன்று கொட்டைப்பாக்கு. கொட்டைப்பாக்கு போன மாதம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. கொஞ்சம் கூட இருக்கலாம். வலி துளியும் இல்லை. வலி இல்லையென்றால் பயமில்லை.

ஜூன் 18, புதன்

பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. மப்ளரை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

“ஏனுங்க, வெயில் மண்டையப் பொளக்குது, மப்ளரு எதுக்கு? கழுத்துல என்னங்க?” என்றாள் அம்சவேணி.

“ஒண்ணுமில்ல.”

தாடியைப் பார்த்துவிட்டுப் பழனிக்கு வேண்டுதலா என்று வேறு கேட்கிறாள். இஸ்திரிக்காரன் பழனிக்கா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

டாக்டருக்கு போன் போட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“டாக்டரம்மா, கரையற மாதிரியே தெரியலீங்களே?”

“அதுக்குள்ள கரையக் கூடாதுங்க சார். சீக்கிரம் கரைஞ்சா பிரயோஜனமில்ல. மெதுவா கரைஞ்சாத்தான் நமக்கு நல்லது.”

“நல்லதா? கட்டி ரெண்டு மடங்கு வீங்கிக் கெடக்குதுங்க!”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம் சார்!”

சந்தோஷமாம். நாயின் தோளில் சாத்துக்குடி தொங்குகிறது, இந்த அம்மாவுக்குச் சந்தோஷம். முதலில் தானாகக் கரையும் என்றார். இப்போது கரையக் கூடாது என்கிறார். சேலத்தில் ஏறினேன் என்பான், சேலம் டிக்கெட்டைக் காட்டு என்றால் ஈரோட்டில் ஏறினேன் என்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

வித்தவுட்டில் வருகிறவன் பெரும்பாலும் தூங்குகிற மாதிரி நடிப்பான். நிஜமாகத் தூங்குகிறவன் “சார், டிக்கெட்” என்றதும் திடுக்கிட்டு எழுந்து சட்டைப் பையைத் தடவுவான். நடிக்கிறவன் நிதானமாகக் கண்ணைத் திறப்பான். அம்சவேணிக்கு இதைக் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எங்கே புரிந்தது? இன்றைக்கும் டாக்டர் பக்கம்தான் பேசினாள். “உங்களுக்கு ஊரு உலகத்துல ஒருத்தரையும் நம்ப முடியாது” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

மார்க்கெட் பக்கத்து மருந்துக் கடையில் வீக்கம் வற்றுகிற மாத்திரை கேட்டேன். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டுக் கொடுத்தார்.

“யாருக்குங்க சார், உங்களுக்கா?”

“நாய்க்கு.”

அவர் என் மப்ளரைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. இனி அந்தக் கடைக்குப் போகக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் புதைத்து வைத்தேன். பார்சல் சோறு மொத்தத்தையும் வழித்து நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் தட்டின் ஓரத்தில் துப்பி வைத்துவிட்டது. நனையக்கூட இல்லை. என் கூட எட்டு வருஷம் இருந்ததற்கு அது ஒன்றாவது கற்றுக்கொண்டிருக்கிறது.

துடைத்து மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று இரண்டாவது ஊசி. போகவில்லை. அம்சவேணியிடம் டாக்டர் லீவு என்று சொன்னேன். டாக்டரிடம் போனில், உடுமலையில் அம்சவேணியின் பெரியம்மா தவறிவிட்டார் என்று சொன்னேன். பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயதாகிறது. ஒரு தடவை இறந்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.

முதல் ஊசிக்கே இரண்டு மடங்கு. இரண்டாவது போட்டால் என்ன ஆகும்? தெரிந்தே போய் நிற்க நான் என்ன முட்டாளா? சும்மா விட்டால் கரையாவிட்டாலும் இருக்கிற மாதிரியாவது இருக்கும். தொந்தரவு செய்யாமல் இருப்பதைப் போய் எதற்குக் கிளற வேண்டும்? என் கருத்து இதுதான். பார்சல் விஷயத்தில்.

ஜூன் 29, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். துக்கம் விசாரிக்க டாக்டர் அம்சவேணிக்கே போன் போட்டுவிட்டார்.

“எந்தப் பெரியம்மாங்க?” என்று இவள் கேட்பது அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது. “ஓ... ஆமாங்க டாக்டர். திடீர்னு... வியாழக்கெழம கண்டிப்பா வந்தர்றமுங்க.” என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெரியம்மாவைச் சாகடித்துவிட்டு வந்தாள். வந்து என் சட்டைப் பையில் கைவிட்டு மாத்திரையை எடுத்தாள்.

“குடுத்தீங்களா?”

“துப்பிருச்சு.”

“அந்த நாயிக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இல்லீங்களே! ஏன் இப்படிப் பண்றீங்க? அதைக் கொல்லப் பாக்கறீங்களா?”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். மூன்று மாதமாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எதற்காக என்று அவளுக்குத் தெரியுமா? நான் மொட்டை மாடிக்குப் போய்த் துணி காய்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. அதனால் எழுதவில்லை. கீழே வந்தபோது பார்சல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. படியேறத் தோள் வலித்திருக்கும்.

ஜூலை 3, வியாழன்

அம்சவேணி முன்னால், பார்சல் நடுவில், நான் கடைசியில். கைதியைக் கூட்டிப்போகிற மாதிரிதான் ஆஸ்பத்திரிக்குள் போனோம்.

மாத்திரை விஷயத்தை மட்டும் அம்சவேணி சொல்லிவிட்டாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி ஒரு துளி எடுத்தார். கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “சார், உங்களுக்குத்தான் சந்தேகம் ஜாஸ்தி. நீங்களே பாருங்க.”

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஊதா ஊதாவாகப் புள்ளிகள். நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“அதுல முக்கால்வாசி காவல் செல்லுங்க சார். போன மாசம் எடுத்தப்ப அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்துச்சு. இப்பப் பாருங்க, கோனியம்மன் தேர்க் கூட்டம் மாதிரி. இத்தனை பேரு ஒரே எடத்துல வந்து நின்னா வீங்காம என்னங்க பண்ணும்? சண்டை நடக்கற எடம் சுடத்தான் செய்யும். அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே?”

“சொன்னாங்க” என்றாள் அம்சவேணி, என்னைப் பார்க்காமல்.

நான் விடவில்லை. “அப்போ ஒன்றரை மாசத்துல தானா கரைஞ்சிடும்னு சொன்னீங்களே டாக்டரம்மா? நான் என்ற காதால கேட்டனே?”

டாக்டர் புரியாமல் பார்த்தார். அம்சவேணிதான் சொன்னாள். “ஏனுங்க, அது நான் கேட்டதுக்குச் சொன்னது. அந்த உருண்டையெல்லாம் உள்ள போயி அப்புறம் என்னாகும், நாயி உடம்புலயே தங்கிருமான்னு கேட்டேன். அதுக்குத்தான் கரைஞ்சிடும்னாங்க.”

“கரையறது மருந்து உருண்டைங்க சார்” என்றார் டாக்டர். “அது மெதுவாக் கரைஞ்சாத்தான் மருந்து கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். கட்டியச் சொன்னேன்னா நெனச்சீங்க?”

எது கரையும் என்று அவர் சொல்லவில்லை. எது என்று நானும் கேட்கவில்லை. எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த பெர்த் என்று ஊரையே குடைந்தவன், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எதுவும் கேட்காமல் ஏற்றிக்கொண்டேன். எனக்கு அது அப்படி இருக்க வேண்டியிருந்தது.

“அப்போ கட்டி தானா கரையாதுங்களா?”

“இந்த மாதிரிக் கட்டி எதுவும் தானா கரையாதுங்க சார். பாத்துட்டே இருந்தா வளரும். அவ்வளவுதான்.”

“வலியில்லீன்னா?”

“வலியில்லீன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல. நாயிக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான்.”

“மனுசனுக்கு இந்த ஊசி உண்டுங்களா?”

“மனுசங்களுக்கும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்குது. ஆனா மனுசங்களுக்கு ஏற்கெனவே நல்ல வைத்தியம் எவ்வளவோ இருக்குங்க. நேரத்துக்குப் போகணும்.” டாக்டரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. என் மப்ளரைப் பார்த்தார். “எதுக்குக் கேக்கறீங்க சார்?”

“பொது அறிவுக்கு.”

ஊசி போட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனதால் பெரிய மோசமில்லை என்றார். அந்த மாத்திரை மட்டும் உள்ளே போயிருந்தால், எழுப்பிவிட்டதையெல்லாம் நானே திரும்பத் தூங்க வைத்திருப்பேனாம். பார்சலின் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஆட்டோவில் அம்சவேணி சாலையைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன். டீத்தம்ளரோடு அம்சவேணி வருகிற சத்தம் கேட்டது. நேற்றிலிருந்து அவள் கண்ணைச் சந்திக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்லிசாகக் குறட்டை விட்டேன்.

தம்ளரைக் கீழே வைத்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், டிக்கெட்.”

நான் கண்ணைத் திறந்தேன்.

“நிதானமா முழிக்கறீங்க” என்றாள். கையை நீட்டியபடியே நின்றாள். “டிக்கெட்டைக் காட்டுங்க சார்.”

எத்தனையோ பேர் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் சண்டை போடுவார்கள். சிலர் காலில் விழுவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் எழுந்து கூட வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஓடி ஓடிக் களைத்தவனுக்கு, மாட்டிக்கொண்டதில் கொஞ்சம் நிம்மதிகூட இருக்கும் போல.

மப்ளரை அவிழ்த்தேன்.

அவள் விரல் நேராக அந்த இடத்துக்குப் போயிற்று. இடது பக்கம், தாடைக்குக் கீழே. தாடிக்குள் தடவிப் பார்த்தாள். பாக்கு என்று இதில் எழுதியிருக்கிறேன். பாக்கு இல்லை. நெல்லிக்காய். பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

“எப்ப இருந்துங்க?”

“பங்குனியில இருந்து.”

“ஏன் சொல்லலீங்க?”

“பார்சலுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு...” வெட்டியும் அதற்குத் திரும்ப வந்தது. அப்புறம் தானாகக் கரையும் என்றார்கள். அதற்குக் கரைந்தால் எனக்கும் கரையும் என்று இருந்தேன். அதற்கு வீங்கியதும் என் கழுத்தே வீங்கின மாதிரி ஆகிவிட்டது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். பயம். வேறு ஒன்றுமில்லை. யாரையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்தது எல்லாம் வெறும் பயம்.

அம்சவேணி கத்துவாள் என்று நினைத்தேன். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “அந்த வாயில்லா ஜீவன் மோந்து மோந்து காட்டுச்சே. கட்டினவளுக்குத் தெரியாம போச்சே” என்றாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அதையே பாதி பாதி குடித்தோம்.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்திலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் வயதானவர், சிரிக்கவே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தாடியை மழித்துவிட்டார்கள். கண்ணாடியில் முகம் யாருடையதோ மாதிரி இருந்தது.

“எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார். அம்சவேணி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

தையல் இழுக்கிறது. தானாகக் கரைகிற நூலாம். எது கரையும் என்று இந்தத் தடவை தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்சவேணி பாயசம் வைத்தாள். பார்சலை மூன்றாவது ஊசிக்குக் கூட்டிப்போனோம். நிஜமாகவே ஆடிக் காற்று, மப்ளர்தான் இல்லை.

டாக்டர் கட்டியை அளந்தார். மறுபடியும் அளந்தார். “குறைஞ்சிருக்கு சார்!” என்றார்.

“எது?” என்றேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “கட்டிங்க சார், கட்டி! பார்சலோட தோள்பட்டைல இருக்கற கட்டி! மொதல்ல வந்தப்ப இருந்ததை விடச் சின்னதாயிருச்சு.” முழுசாகப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது, திரும்ப வரலாம், தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சத்தியம் பண்ணவில்லை. இந்த அம்மா முதல் நாளிலிருந்தே ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

நான் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சையைவிடச் சிறிது. சூடு இல்லை. டாக்டர் முன்னாலேயே அழுதேன். எழுதிவிட்டேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

கிளம்பும்போது டாக்டர் என் கழுத்துக் கட்டைப் பார்த்து, “ரிசல்ட் எப்பங்க?” என்றார்.

“நாளைக்குங்க.”

ஜூலை 18, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. பெயர் கூப்பிட்டபோது நான் பாத்ரூமில் இருந்தேன். வித்தவுட்காரன் ஒளிகிற இடம். வேண்டுமென்று போகவில்லை, நிஜமாகவே அவசரம். திரும்பி வந்தபோது அம்சவேணி தனியாகவே உள்ளே போயிருந்தாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. கையில் கவர். முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகமாக வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னன்னாங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

மூன்று மாதமாக அவள் கேட்டபோதெல்லாம் நான் சொன்ன அதே சொல். அதே குரல். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

“வைத்தியம் பண்ணினாச் சரியாயிருமாம்” என்றாள். “மருந்து ஏத்தணுமாம். தலமுடி கொட்டுமாம். உங்களுக்கு எங்க இருக்குது கொட்டறதுக்கு?”

ஒன்றுமில்லாததற்கு எதற்கு வைத்தியம் என்று கேட்டிருப்பேன். போன மாதமாக இருந்தால் கவரைப் பிடுங்கி முத்திரையிலிருந்து பார்த்திருப்பேன். நான் கவரைக் கேட்கவில்லை. அவள் கையில்தான் இருந்தது. கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்சல் ஓடிவந்தது. நான் கீழே உட்கார்ந்தேன். கழுத்துக் கட்டை மோந்தது. இந்தத் தடவை நான் திரும்பிக்கொள்ளவில்லை.

பார்சலுக்கு அடுத்த ஊசி 31ஆம் தேதி, வியாழக்கிழமை. எனக்கு முதல் ஊசி வெள்ளிக்கிழமை.